பூனைக்கு மம்மி, பல்லாவரத்துக்கு?

மக்களே, 'வரலாற்றில் இன்று'ன்னு எழுதுறவங்க மேல எனக்கு ஒரு வருத்தம். துட்டன்காமுன் கல்லறை கிடைச்ச 1922 நவம்பர் 4 எல்லாருக்கும் மனப்பாடம். 2022-ல் நூற்றாண்டும் கொண்டாடியாச்சு. வீட்டுப் பூனை செத்தா எகிப்துக்காரங்க புருவத்தை மழிச்சுக்குவாங்கன்னு ஹெரோடோட்டஸ் எழுதினது கூடத் தெரியும்.

சரி, மே 30? 1863-ல் அந்தத் தேதியிலதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம்ம பல்லாவரத்துல ஒரு கற்கோடாரியை எடுத்தார். இந்தியாவுல பழைய கற்கால ஆய்வே அந்த ஒத்தைக் கல்லுலதான் தொடங்குச்சு. 2013-ல் 150 வருஷமும் ஆயிடுச்சு. தாம்பரம் லோக்கல்ல தினமும் பல்லாவரத்தைத் தாண்டிப் போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

"எகிப்து பெரிய நாகரிகம், இது வெறும் கல்லுதானே"ம்பீங்க. அந்தக் கல் கிடைச்சது சரளை தோண்டின குழியில. ஃபூட் கண்ணுல படலைன்னா ஜல்லியோட ஜல்லியாப் போயிருக்கும். மதிப்பு தெரியாத கையில சிக்கினா எகிப்துப் பூனைக்கும் அதே கதிதான். 1890-ல் கிட்டத்தட்ட 1,80,000 பூனை மம்மிகளை லிவர்பூலுக்குக் கப்பல்ல கொண்டுபோய், அரைச்சு வயலுக்கு உரமாப் போட்டாங்க!

பூனை மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. அடுத்த மே 30-க்குப் பல்லாவரம்னு ஒரு வரியாவது எழுதுங்க. ஊர்க்காரனே எழுதலைன்னா எகிப்துக்காரனா வந்து எழுதுவான்?