கண்டதாகச் சொன்னதும் கைவிட்டதும்

விஞ்ஞானிகள் இன்று ஒன்றைச் சொல்லி, நாளை அதையே இல்லை என்கிறார்கள். ஆகையால் அவர்கள் பேச்சைவிடப் பெரியவர்கள் வாக்கை நம்புவதே மேல் என்பதாகச் சிலர் பேசி வருகிறார்கள். அவர்களுக்குச் சாதகமாகத் தோன்றக் கூடிய சங்கதி ஒன்றையே நாம் எடுத்துக் கொள்வோம்.

அணுக்கருவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும் மும்மூன்று குவார்க்குகளால் ஆனவை. ஐந்து குவார்க்குகள் கூடிய துகள் ஒன்றும் இருக்கக் கூடும் என்று 1997-இல் டியாகோனோவ், பெட்ரோவ், பாலியாகோவ் என்னும் மூவர் கணக்கிட்டு, அதன் எடையையும் முன்கூட்டியே சொன்னார்கள். அதற்குத் தீட்டா என்று பெயர் வந்தது. (கிரேக்க எழுத்தின் பெயர்தான், தீட்டென்று எவரும் குளிக்கப் போக வேண்டியதில்லை.)

நிற்க. இத்தகைய துகளை எவரும் கண்ணால் காண முடியாது. இந்த இனத்தவற்றில் பலவற்றின் ஆயுள், ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியாகப் பிளந்து, அதில் ஒன்றை மறுபடியும் நூறாகப் பிளந்தால் கிடைக்கும் அளவே. பிறந்த இடத்திலேயே உடைந்து போகும். ஆனால் உடைந்த துண்டுகள் ஓடும். அவற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து கணக்குப் பார்த்தால் தாய்த் துகளின் எடை வரும். ஒரே எடை திரும்பத் திரும்ப வந்தால் வரைபடத்தில் அவ்விடத்தில் ஒரு மேடு எழும்பும். அந்த மேடுதான் சாட்சி.

தீட்டாவை உண்டாக்க நியூட்ரானை அடிக்க வேண்டியிருந்தது. தனி நியூட்ரானோ ஏறக்குறைய பதினைந்து நிமிஷத்தில் சிதைந்து விடுவது. ஆகவே அதை அணுக்கருவுக்குள்ளேயே அடிக்க வேண்டும். கனத்த கருவானால், வெளிவரும் துண்டுகள் பக்கத்திலிருப்பவற்றின் மேல் மோதிக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால்தான் லேசான கருக்களைத் தேடினார்கள்.

ஜப்பானில் ஸ்பிரிங்-8 என்னுமிடத்தில் நக்கானோ கூட்டத்தார் கார்பன் கருவின் மேல் காமாக் கதிரைப் பாய்ச்சி, 2003-இல் ஒரு மேட்டைக் கண்டதாக வெளியிட்டார்கள். மேட்டில் இருந்தவை 36 நிகழ்ச்சிகள், அவற்றில் 17 எப்படியும் வரக் கூடியவை, மிச்சம் 19. அதே வருஷம் அமெரிக்காவில் ஜெபர்சன் சோதனைச் சாலையார், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள டியூட்டீரியத்தை அடித்துத் தாங்களும் கண்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பத்துச் சோதனைகள் ஆமோதித்தன.

இத்தனை பேர் சொன்ன பிறகு சந்தேகிப்பது அபசாரம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஜெபர்சன் சாலையாரே அதே டியூட்டீரியத்தை மறுபடியும் அடித்து, முன்னிலும் பல மடங்கு கணக்கெடுத்தார்கள். மேடு காணப்படவில்லை. 'எங்கள் பழைய மேடு நிற்கவில்லை' என்னும் பொருள்பட 2006-இல் தாங்களே அச்சிட்டார்கள். யாருடைய நிர்ப்பந்தம்? ஜப்பானியர் உடனே ஒப்பவில்லை; 2009-இலும் மேடு தெரிகிறதென்றார்கள். அவர்களை யாரும் விலக்கி வைக்கவில்லை. இன்னும் எண்ணிக் காட்டுங்கள் என்றே கேட்டார்கள்.

வாக்கை மாற்றியது குற்றம் என்பவர்களை நாம் கேட்பதெல்லாம், உங்கள் பெரியவர்கள் எத்தனை தரம் தங்கள் வாக்கைத் தாங்களே சோதித்தார்கள் என்பதுதான்.

ஜெனீவாவில் 2015-இல் வேறு விதமான ஐந்து குவார்க்குத் துகள்கள் அகப்பட்டன. 2019-இல் அவர்களும் ஒன்பது மடங்கு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒன்றென்று எண்ணியிருந்த மேடு இரண்டாகப் பிரிந்து நின்றது.