டிபன் பாக்ஸை மறந்ததுக்கு இவ்வளவு பேச்சா?

பனமரத்துப்பட்டிப் பெற்றோரே, கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட நாளில் காலையில் நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். "தண்ணி பாட்டில் எங்க கண்ணு?" பிள்ளை முழிக்கும். அவ்வளவுதான், அர்ச்சனை ஆரம்பம். "செல்போன்ல கேம் மட்டும் மறக்குதா? இதுல மட்டும் எப்படி மறதி வருது?" "உன் வயசுல நாங்கெல்லாம்..." பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கும் கேட்கிற குரலில். சிலர் முதுகில் ஒன்று வைக்கவும் செய்கிறார்கள். பாட்டிலை வீட்டில் விட்ட பிள்ளை, மானத்தை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு ஏறுகிறது.

மறந்தால் அக்கறையில்லை, அக்கறையில்லை என்றால் திமிர். இப்படித்தான் நாம் கணக்குப் போடுகிறோம். கணக்கே தப்பு.

முதலில் நம்ம வீட்டு லட்சணத்தைப் பார்ப்போமா? மோட்டாரைப் போட்டுவிட்டு டேங்க் வழிந்து தெருவுக்கு வரும்வரை டிவி பார்த்தது யார்? வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடெல்லாம் தேடியது யார்? மூத்தவன் பேரைச் சொல்லிச் சின்னவளைக் கூப்பிடுவது யார்? அடுக்களைக்குள் போய், "எதுக்கு வந்தேன்?" என்று நிற்பது யார்? அதற்கெல்லாம் 'ஆயிரம் வேலை, டென்ஷன்' என்று நமக்கு நாமே மன்னிப்பு எழுதிக்கொள்கிறோம். பிள்ளைக்கு மட்டும் 'பொறுப்பு கெட்டவன்' என்று பட்டம்.

இந்தத் தடுமாற்றத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். அவரே ஒருநாள் தேநீர் போடும்போது, பூனைக்கு வைக்கிற தீனியை தேநீர்க் கூஜாவுக்குள் போட்டுவிட்டார். இது எப்படி நடந்தது என்று யோசிக்க உட்கார்ந்தவர், பிறகு 35 பேரிடம் சொல்லி, இரண்டு வாரம் தங்கள் தடுமாற்றங்களையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னார். சேர்ந்தது 433. ஆளுக்குப் பன்னிரண்டுக்கு மேல். மனநோயாளிகளோ மந்தபுத்திக்காரர்களோ அல்ல, நம்மைப் போல அன்றாடம் வேலைவெட்டி பார்க்கிறவர்கள். அவர் கண்டதில் முக்கியமானது இது: புதிதாகக் கற்கும் வேலையில் இந்தத் தடுமாற்றம் அவ்வளவாக வருவதில்லை. கை நன்றாகப் பழகிய வேலையில்தான் வருகிறது, அதுவும் மனசு வேறெங்கோ இருக்கும்போது, அல்லது நடுவில் யாராவது குறுக்கிடும்போது.

இது நம்ம ஊருக்குப் புரியாத விஷயமா? அரளிக் காட்டில் விடியுமுன் தலையில் டார்ச் லைட் மாட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறவர்களைப் பாருங்கள். விரல் தானாக ஓடும். மொட்டு விரியுமுன் சேலம் மார்க்கெட்டுக்குப் போகணும், இன்றைக்குக் கிலோ என்ன விலைக்குப் போகும் என்று மனசு வேறு கணக்கில் இருக்கும். கை தன் வேலையைப் பார்க்க, மனசு தன் வேலையைப் பார்க்கும். இந்த வரம் இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதற்கே நமக்கு அரை நாள் ஆகும். வரத்துக்கு ஒரு விலை உண்டு: எப்போதாவது கை தப்பான இடத்துக்குப் போகும். உங்கள் மகன் கணக்கு நோட்டுக்குப் பதில் சயின்ஸ் நோட்டை எடுத்துப் போனதும் இதே வகைதான். அதில் திமிர் எங்கே வந்தது?

இனி நாம் பண்ணுகிற கூத்துக்கு வருவோம். ஒருவரால் ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைக்க முடிந்தது நாலு சமாச்சாரம், அவ்வளவுதான் என்று அமெரிக்க உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். வளர்ந்த ஆளுக்கே இந்தக் கதி. நாம் சின்னப் பிள்ளையிடம் ஒரே மூச்சில் சொல்கிறோம்: "சாக்ஸ் போடு, பாலைக் குடி, டைரியில கையெழுத்து வாங்கு, ஃபேனை நிறுத்து, தங்கச்சியக் கூப்பிடு, பாட்டில எடு." கடைசியில் "நேரமாச்சு!" என்று ஒரு கத்தல். அந்தக் கத்தலே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டில் வெளியே போகிறது. பாட்டிலைத் தள்ளிவிட்டவர் நீங்கள். திட்டு வாங்குவது பிள்ளை.

பரீட்சைத் தாளிலும் இதே கதைதான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பிறந்த பாவத்துக்கு, நம் பிள்ளைகளுக்கு மார்க் என்பது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. 98 வாங்கி வந்தால், "ரெண்டு மார்க் எங்க போச்சு? சில்லி மிஸ்டேக்தானே?" என்று கேட்கிறோம். மைனஸ் பிளஸ்ஸாக மாறியதும், அடுத்த வரிக்கு வரும்போது 7 என்பது 1 ஆனதும் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் அல்ல. கணக்கைக் கண்டால் பதறுகிறவர்களுக்கு, அந்தப் பதற்றமே மனசில் இடத்தை அடைத்துக்கொள்வதால், மீதி எடுத்துக் கூட்டும் கணக்குகளில் தப்பு கூடுகிறது என்று மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் சோதித்துக் காட்டினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் "சில்லி மிஸ்டேக் பண்ணினே, தொலைச்சுப்புடுவேன்" என்று சொல்லி அனுப்புவது, தப்பை நாமே டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுப்பதுதான்.

அப்போ என்ன பண்ணலாம் என்கிறீர்களா? விமானக்காரர்கள் பண்ணியதைப் பண்ணுங்கள். 1935 அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோவில் போயிங் கம்பெனியின் புது குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலே ஏறியதும் விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. கிளம்புமுன் விடுவிக்க வேண்டிய ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார். இரண்டு உயிர் போனது. அதற்குப் பிறகு விமானிகளைக் கூப்பிட்டு வைத்து யாரும் 'பொறுப்பு வேணும்' என்று பிரசங்கம் பண்ணவில்லை. கிளம்புமுன் பார்க்க வேண்டியதை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். விமானி நினைவை நம்பவில்லை, அட்டையை நம்பினார். நாமக்கல் லாரி டிரைவர் வண்டி எடுக்குமுன் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பதும் இதே புத்திதான்.

வீட்டில் இதைச் செய்யக் காசு வேண்டாம். புத்தகப் பை ராத்திரியே தயாராகி வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாட்டில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கட்டும், தாண்டித்தான் போகணும். கதவில் நாலே வரிப் பட்டியல், பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில். "மறக்காதே" என்று சொல்வதை விட்டுவிட்டு, "செருப்பு மாட்டும்போது பாட்டிலைத் தொடு" என்று சொல்லுங்கள். இப்படி ஒரு செயலோடு முடிச்சுப் போட்ட எண்ணம் நேரத்துக்கு ஞாபகம் வருகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். ராத்திரி செல்போனைப் பிடுங்கி வைத்துத் தூங்க விடுங்கள். முதலில் உங்களுடையதை வையுங்கள். ஞாபகசக்திப் பவுடருக்கும், கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்கிற வகுப்புக்கும் கொட்டுகிற காசில் கீரையும் முட்டையும் வாங்கலாம்.

எல்லா மறதியும் சாதாரணம் என்று சொல்ல வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்கிற பிள்ளைக்கு அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். சோர்ந்து, வெளுத்து, எதிலும் கவனம் நிற்காத பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம். காது மந்தமா, கண் பார்வை குறைவா என்றும் பார்க்கணும். அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்; அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, குப்பையில் போடுகிறதா என்று கேளுங்கள். வீட்டுப் பாடத்தை வேண்டுமென்றே செய்யாமல் விடுவது வேறு சங்கதி, அதைக் கண்டியுங்கள். ஆனால் செய்த வீட்டுப் பாடத்தை மேசையிலேயே விட்டுப் போன பிள்ளையையும் அதே தராசில் நிறுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மறந்ததற்கெல்லாம் திட்டும் அடியும் வாங்குகிற பிள்ளை மறப்பதை நிறுத்தாது, சொல்வதைத்தான் நிறுத்தும். "மிஸ் நோட்டு கேக்கவே இல்லீங்கம்மா", "ஜியாமெட்ரி பாக்ஸ் பிரெண்டுகிட்ட இருக்குதுங்க" என்று பொய் பழகும். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளைப் பயமில்லாமல் தெரிவிக்க நாசா நடத்துகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கே அப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு "மறந்துட்டேங்க" என்று நிமிர்ந்து சொல்ல ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தை இன்றைக்கே கொடுங்கள். மறந்த பொருளை நாளைக்குக் கொண்டு போய்க்கொள்ளலாம். பொய் பழகிய வாயைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.