ரிமோட் யார் கையில்?



மழைக்காலம் முடிந்து தை பிறந்துவிட்டால் வடசென்னையில் சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் புல் இடுப்பளவுக்கு நிற்கும். திருவொற்றியூரின் பள்ளி மைதானங்கள், கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரம், மணலியில் ஆலை மதிலுக்குள் பூட்டிக் கிடக்கும் மனைகள் என எங்கு பார்த்தாலும் கோரையும் நாணலும் சீமைக்கருவேலங் கன்றும்தான். பங்குனி வெயிலில் அத்தனையும் காய்ந்து சருகாகும். எண்ணெய்க் கிடங்குகள் நெருக்கமாக இருக்கும் ஊரில் காய்ந்த புல்லை அலட்சியமாக விட முடியாது. அணையாத ஒரு பீடித்துண்டு போதும்.

இந்தப் புல்லை யார் வெட்டுகிறார்கள்? ஒப்பந்தக்காரர் வேனில் கூட்டிவரும் பெண்கள், கையில் அரிவாளோடு குனிந்து வெட்டுகிறார்கள். சில இடங்களில் ஆண்கள் பெட்ரோல் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதன் புகையையும் அதிர்வையும் வாங்கிக்கொள்கிறார்கள். பாம்பு, உடைந்த பாட்டில், துருப்பிடித்த கம்பி எல்லாம் அந்தப் புல்லுக்குள்தான் இருக்கின்றன. காலில் ரப்பர் செருப்பு.

உலகின் பெரிய இயந்திரங்களெல்லாம் வந்து இறங்கும் கரை நம்முடையது. 1948இல் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன நிறுவனமும், 1955இலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் இங்கே உருவானவை. ஆனால் 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, அதை மனிதர்கள் வாளியில்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் புகுந்தபோதும் மீனவர்கள் கையால்தான் வழித்தெடுத்தார்கள். பெரிய வேலைக்கு மெஷின், அழுக்கு வேலைக்குக் கை என்ற இந்த ஏற்பாடு எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. அதனால்தான் இந்த மாதம் ஒரு சின்ன மெஷினைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

சூரிய ஒளியில் ஓடும், ரிமோட்டில் இயங்கும் புல்வெட்டும் மெஷின். நம் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது பழகிய பைனல் இயர் புராஜெக்ட். அண்மையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அப்படி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆங்கிள் இரும்புச் சட்டம். சக்கரங்களுக்குப் புதுப்பேட்டையில் வாங்கிய வைப்பர் மோட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஆர்டுயினோ, புளூடூத் போர்டு. தலைக்கு மேல் 50 வாட் சோலார் தகடு. வெல்டிங் சுத்தமாக இருந்தது. பிள்ளைகளின் கண்ணில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முழு வெயில் என்று வைத்தால் அந்தத் தகடு 250 வாட் மணி தரும். சூடு, தூசி, சார்ஜர் இழப்பு எல்லாம் போக 200 மிஞ்சும். கத்தி மோட்டாருக்கு 200 வாட், சக்கர மோட்டார்களுக்கு 60 வாட் என்றால், ஒரு நாள் வெயில் முழுக்கச் சேர்த்தும் முக்கால் மணி நேரம்தான் புல் வெட்டலாம். தகட்டின் எடையையும் மெஷினே சுமக்கிறது. வெட்டிய புல்தூள் அதன் மேலேயே படிகிறது. வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் வேலை செய்பவர் நிழலில் ஒதுங்கியிருப்பார். வெட்டுவதெல்லாம் காலையிலும் சாயங்காலத்திலும்தான்.

தகட்டை மெஷினிலிருந்து இறக்கிக் கூரையில் ஏற்றிவிடலாம் என்பது என் யோசனை. பள்ளியின் மொட்டைமாடியில் 330 வாட் தகடு ஒன்றை மாட்டினால் அதே கணக்கில் ஐந்து மணி நேர வெட்டுக்கு மின்சாரம் கிடைக்கும். லித்தியம் பேட்டரி இரண்டு. ஒன்று வேலையில், மற்றது சார்ஜில். தினம் காலையில் தகட்டை ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆள் வேண்டும். 2011இல் நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போன பிறகு ராயபுரத்து மாடிகளில் கரி குறைந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு நிலக்கரித் தூசியும் சாம்பலும் இன்னும் தினசரி விருந்தாளிகள். அவை படிந்த தகடு எவ்வளவு வெயிலடித்தாலும் சோம்பிவிடும். உப்புக்காற்று வேறு, சாதாரண போல்ட் போட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து ஸ்பானருக்கே மசியாது.

கத்தியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நம் ஊர் புல்லுக்குள் ஜல்லி இல்லாத இடம் ஏது? கத்தியில் பட்ட ஜல்லி எதிரே நிற்பவரின் கண்ணைப் பதம் பார்த்துவிடும். சுற்றிலும் தகரக் கவசம் கட்டாயம். கல் நிறைந்த இடத்தில் இரும்புக் கத்திக்குப் பதில் நைலான் நரம்பு போதும். இன்னொன்று: புளூடூத் பத்து மீட்டருக்கு மேல் தடுமாறும். சிக்னல் அறுந்த நொடியில் மோட்டார்கள் தானாக நிற்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத மெஷினை மைதானத்தில் இறக்கவே கூடாது. எண்ணெய்க் கிடங்குக்குள் கொண்டுபோகும் ஆசையையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சாதாரண மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலேயே பொறி பறக்கும். அங்கே தீப்பொறி வெளியே வராத, முறையான அனுமதி பெற்ற கருவிகளுக்கு மட்டும்தான் இடம். கழிமுகத்து உமரிச் செடிப் பக்கமும் வேண்டாம். அது வெட்டவேண்டிய களையே இல்லை.

புல்வெட்டும் மெஷினை முதலில் உருவாக்கிய எட்வின் பட்டிங் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதி மெக்கானிக். கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்குப் புல்லை வெட்டும் யோசனை வந்தது. 1830இல் காப்புரிமை வாங்கினார். சூரிய ஒளியில் தானே ஓடும் புல்வெட்டியை ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பங்களாப் புல்தரைக்குச் செய்தது அது. கோரையும் ஜல்லியும் கலந்து கிடக்கும் நம் மைதானத்துக்கான மெஷினை நாம்தான் செய்ய வேண்டும். நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் கரிப்பெட்டியோடு துணி தேய்ப்பவர்களைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் அதற்கு ஸ்வீடனில் விருது கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். தேய்ப்பவரின் தொழில் அவரிடமே இருக்கிறது. கரியும் புகையும் மட்டும் போகின்றன. அந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மெஷின் வந்தால் அரிவாள் பிடித்த பெண்ணின் கூலி என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதி இது. என் பதில் ஒன்றுதான்: ரிமோட் அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். இன்று நான்கு பேர் வெட்டும் மைதானத்துக்கு நாளை மெஷினோடு ஒருவர் போதும் என்று மற்ற மூவரை ஒப்பந்தக்காரர் அனுப்பிவிட்டால், மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது தோற்ற மெஷின்தான். ஓரங்களைச் சீர்செய்ய, புல்லை வாரிக் கட்ட, பேட்டரியும் தகடும் பராமரிக்க ஆள் வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே அந்த வேலைகளையும் கூலியோடு எழுதிவிடலாம்.

பைனல் இயர் மாணவர்களே, வைவாவுக்கு முன்னால் ஒரு காலை வேளையில் உங்கள் மெஷினைப் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே புல் வெட்டும் அக்காவிடம் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள். பட்டன் சின்னதாக இருக்கிறது, தூக்கக் கனமாக இருக்கிறது, கத்தி மேட்டில் இடிக்கிறது என்று அவர் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு எங்களுக்கு எழுதுங்கள். வாசகர்களில் தலைமையாசிரியர்களோ ஆலை அதிகாரிகளோ லேத் பட்டறை நடத்துபவர்களோ இருந்தால், சோதிக்க ஒரு மைதானமோ, ஒரு வெல்டிங் மெஷினோ, ஒரு மணி நேர யோசனையோ கொடுத்து உதவுங்கள். வந்த கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வரைபடத்தோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்