பெயர்ப் பெட்டகம்: வீட்டில் எர்வான், ஏட்டில் ஈவ்



பட்டணத்தில் ‘இவோன்’ என்ற பெயருடைய பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் உறவுக்காரர்களைத் தேடிப் போனால் ஏழைகளுக்காக வாதாடிய ஒரு நல்லவரைச் சந்திக்கலாம்.

பிரான்சு நாட்டின் மேற்கு மூலையில், கடலோரமாகப் பிரித்தானி என்றொரு பகுதி இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்தது அல்ல. ஆனால் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் குடியேறியதால் அந்தப் பெயர். அவர்களுடைய பிரெத்தோன் மொழி பிரெஞ்சிலிருந்து முற்றிலும் வேறானது.

அங்கே கெர்மார்த்தின் என்னும் ஊரில் 1253இல் ஒரு பிள்ளை பிறந்தது. பாரிசிலும் ஓர்லியானிலும் சட்டம் படித்து, பாதிரியாராகவும் திருச்சபை நீதிபதியாகவும் ஆனார். ஏழைகளிடம் கூலி வாங்காமல் வழக்காடினார். சமையல் வாசனையை முகர்ந்ததற்குப் பணம் கேட்டானாம் ஒரு பணக்காரன். இவர் காசைக் குலுக்கி, “வாசனைக்கு இந்த ஓசையே விலை” என்றாராம். நம் மரியாதைராமன் கதை போல மக்கள் இதைச் சொல்லி வருகிறார்கள். 1303இல் அவர் மறைந்தார். 1347இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். கோயில்களில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவே அவர் நிற்பதாகச் சிலை வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர்களுக்கு அவரே காவலர்.

அவர் பெயரைத்தான் பல விதமாகச் சொல்கிறார்கள். லத்தீன் ஏட்டில் இவோ. பிரெஞ்சில் ஈவ். பிரெத்தோனில் எர்வான், யூவென். பெண்பிள்ளைகளுக்கு இவோன், இவெத். மூலமோ ‘யூ’ என்ற மரத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். என்றும் பசுமையான மரம். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். வில் செய்ய ஏற்ற மரமும் அதுவே.

இனிதான் முக்கியமான செய்தி. 1803இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. நாட்காட்டியில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றுப் பெயர்களையும் மட்டுமே பதியலாம் என்றது அது. பிரெத்தோன் பெயரைக் கேட்ட பெற்றோரைப் பதிவு அதிகாரிகள் திருப்பி அனுப்பியதுண்டு. வீட்டில் எர்வான், ஏட்டில் ஈவ் என்று ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். 1966இல் பிடி சற்றுத் தளர்ந்தது. 1993இல்தான் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை சட்டமாயிற்று. இன்று எர்வான் என்ற பெயர் தாராளமாகப் பதிவாகிறது.

ஏட்டில் இடமில்லாத அந்தப் பெயரை இத்தனை காலம் காப்பாற்றியது யார்? அடுப்படியிலும் வயலிலும் பிள்ளையை அப்படியே கூப்பிட்ட தாய்மார்கள் அல்லவா!

பெற்றோர்களே, பிறப்புப் பத்திரம் எடுக்கப் போகும்போது பிள்ளையின் பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். கையில் வாங்கியதும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயரையே வாய் நிறையச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதன் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில் இன்னொரு பெயரோடு சந்திப்போம்.