செல்போனுக்குள் புகுந்த ராகிங்: சிதம்பரத்தால் வந்த சட்டம் தூங்குவது ஏன்?

கடலூர்-

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். புது மாணவனின் செல்போனில் ஒரு "வாட்ஸ்-அப்" குழு வந்து விழுகிறது. சேர்த்தவர்கள் சீனியர்கள். ராத்திரி 12 மணிக்கு "பாட்டுப் பாடி அனுப்புடா" என்று உத்தரவு! அனுப்பாவிட்டால் வசவு. அனுப்பினால் அது நாலு குழுவுக்குப் போய் ஊரே சிரிக்கிறது. கதவைத் தாழ் போட்டுப் படுத்தாலும் தப்ப வழி இல்லை.

இது விளையாட்டா, குற்றமா? மற்ற ஊர்க்காரர்கள் யோசிக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் யோசிக்கவே கூடாது.

நாவரசு வழக்கு

1996 நவம்பர் 6-ந் தேதி சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு காணாமல் போனார். அப்போதைய சென்னை பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன் அவர். "ராகிங்" செய்த சீனியர் மாணவரே அவரைக் கொன்றது தெரிய வந்தபோது நாடே பதறியது.

கடலூர் செசன்சு கோர்ட்டு 1998-ல் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் ஐகோர்ட்டு விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்தது. பெற்றவர்கள் 14 வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள்.

அந்தக் கொலையின் சூட்டில் வந்ததுதான் 1997-ம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். 2 வருஷம் வரை ஜெயில். 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அடித்தால்தான் ராகிங் என்று அதில் இல்லை. மனசைப் புண்படுத்துவது, பயமுறுத்துவது, வெட்கப்பட வைப்பது எல்லாமே ராகிங். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் சரி, வெளியே நடந்தாலும் சரி. மாணவன் கையில் செல்போன் இல்லாத காலத்தில் எழுதிய சட்டம், செல்போனுக்கென்றே எழுதினது போல் இருக்கிறது! ஜூனியர்களைத் துன்புறுத்தும் "வாட்ஸ்-அப்" குழுக்களும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-ல் சொல்லிவிட்டது.

66-ஏ போன பிறகு

இணையத்தில் அவதூறாக எழுதினால் பிடிக்க 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பக்கத்துப் புதுச்சேரியில் 2012-ல் ஒரு "ட்விட்டர்" பதிவுக்காகத் தொழிலதிபர் ஒருவரைப் பிடித்ததும் இதே பிரிவில்தான். 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். ஆபாசப் படம், பெண்களைத் துரத்தித் தொல்லை கொடுப்பது ஆகியவற்றுக்கு வேறு பிரிவுகள் உண்டு. வெறும் கேலி, கிண்டலில் நொந்துபோகும் மாணவனுக்கு இந்த ராகிங் சட்டம்தான் துணை.

2019-ல் நெய்வேலி அருகே "பேஸ்புக்" பதிவால் அவமானப்பட்ட கல்லூரி மாணவி ஒருவர் உயிரை விட்டார். அவரை மணக்க இருந்த வாலிபரும் உயிரை விட்டார். இரண்டு குடும்பம் அழிந்தது.

"வீட்டுலே சொன்னா முதல்லே போனைப் பிடுங்கிடுவாங்க." பசங்க வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். தப்புச் செய்தவன் கையில் போன் இருக்கிறது; அடிபட்டவனிடம் பறிக்கிறார்கள்! பயத்தில் அழித்துவிடும் செய்திதான் சாட்சி. அதை அழிக்காமல் படம் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டியது பெற்றோர்.

18 வயதுக்கு உட்பட்டவர்கள் 1098-க்குப் பேசலாம். கல்லூரி மாணவர்களுக்கு 1800-180-5522. கல்லூரி முதல்வரிடம் புகார் கொடுத்தால் அவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் "சஸ்பெண்டு" செய்ய வேண்டும். "கல்லூரி பேர் கெட்டுப் போகும்" என்று மூடி மறைத்தால்? முதல்வரும் உடந்தை என்கிறது சட்டம். அவருக்கும் அதே 2 வருஷம்!