அந்தக் காலத்திலேயே கேட்ட கேள்வி

"அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் முன்னோரை அளக்காதீர்கள்." வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்த வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால்தான் சிக்கல்.

பொது நன்கொடையிலும் காங்கிரஸ் பணத்திலும் நடந்த தேசியப் பள்ளி அது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தார்; விஷயம் அவர் வழியாக வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் காங்கிரசுக்குள்ளிருந்தே சண்டைக்கு நின்றார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் சிறை சென்றவர் பெரியார். இதற்கெல்லாம் முன்பே, ஐயரின் புதுச்சேரி நண்பர் பாரதி, தலித் இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்துவிட்டார்.

ஆக, இந்த அளவுகோல் நேற்று செய்ததல்ல. ஐயரின் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது.

ஐயர் தம்மளவில் சாதி பாராதவர், சில பெற்றோரின் பிடிவாதத்துக்கு இணங்கினார், அவ்வளவுதான் என்பார்கள். இருக்கட்டும். தெரியாமல் செய்தார் என்ற சமாதானம் இதனால் இன்னும் பலவீனமாகிறது. தள்ளி உட்காரவைக்கப்பட்ட பையன்களும் அதே காலத்தவர்கள்தானே? 'காலம்' என்றால் பரிமாறச் சொன்னவர்களின் காலம் மட்டுமா?

1925 ஜூனில், அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த பெருமையையும் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய பெருமையையும் அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அவற்றோடு தனிப் பந்தியையும் சேர்த்து எழுதச் சொல்வதில் என்ன அநியாயம்?