எலிக்குக் காசா, கண்ணுக்குக் காசா?

வேட்டைன்னதும் நம்மாளுங்களுக்கு காடு, துப்பாக்கி, கரடிதான் ஞாபகம் வரும். எங்க தஞ்சாவூர்ப் பக்கம் காடும் இல்ல, கரடியும் இல்ல. ஆனா வேட்டை உண்டு. வயல் எலி வேட்டை. ஆயுதம், ஊர்ப் பேரையே தாங்கின 'தஞ்சாவூர் கிட்டி'. வில்லா வளைச்ச மூங்கில், கயிறு, கொஞ்சம் இரை. எலி இரையை இழுத்தா வில் விடுபட்டு கழுத்தை நெரிச்சிடும். அவ்ளோதான் டெக்னாலஜி :-)

சூட்சுமம் பொறியில இல்லீங்க, அதை எங்க வைக்கறதுங்கறதுல இருக்கு. கிட்டிக்காரர் வரப்புல நடந்துகிட்டே வளையைப் படிச்சிடுவார். ஓரத்துல சேறு உருண்டையா கிடந்தா நண்டு. வாய்ல புது மண் பொலபொலன்னு குவிஞ்சு அடைச்சிருந்தா எலி. பக்கத்துலயே பயிர்த் தண்டு சாய்வா கடிபட்டிருக்கும். வளைக்குள்ள கதிரை சேமிச்சு வெச்சிருக்கும்.

அகலமான வரப்பு, மண்டிக்கிடக்குற களை, வயலோரத்து வைக்கோல்போர். எலிக்கு வீடு கட்டிக் கொடுக்கறது நாமதான். ஃபிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமே வரப்பு 30 செ.மீ.க்கு மேல அகலமா இருக்கக்கூடாதுங்குது. ஒரே வட்டாரத்துல ஆளுக்கொரு நேரத்துல நட்டா, ஒரு வயல்ல கதிர் முடிஞ்சதும் எலி அடுத்த வயலுக்குக் குடிபோயிடும்.

சரி, மருந்து வெச்சா தீராதா? துத்தநாக பாஸ்பைடை ஒருதடவை கொஞ்சமா தின்னு பிழைச்ச எலி மறுபடி அதைத் தொடாது. புரோமடியோலோன் தின்ன எலியை ஆந்தை தின்னா, ஆந்தைக்கும் ஆபத்து. எலியைத் தின்னுற ஆந்தையைக் கொன்னுட்டு யாரை நம்பறது?

இப்ப விஷயத்துக்கு வரேன். கிட்டிக்காரருக்கு எலி ஒண்ணுக்கு இவ்வளவுன்னு கூலி கொடுக்கறது வழக்கம். அப்படின்னா எலி பெருகினாதான் அவருக்கு வருமானம். நாமளும் கதிர் வந்தப்புறம், பாதி போனப்புறம்தான் அவரைக் கூப்பிடுறோம். பக் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு டெஸ்டருக்கு சம்பளம் பேசினா ப்ராஜக்ட் என்னாகும்னு பொட்டி தட்டுற மக்களுக்கு தனியா சொல்லணுமா? கதிர் வர்ற பருவத்துலதான் எலி குட்டி போட்டுப் பெருகும். அதுக்கு முன்னாடி பிடிக்கற ஒரு எலி, பின்னாடி பிடிக்கற பல எலிக்கு சமம்.

அதனால ஊரா சேர்ந்து, நட்ட கையோட, ஏக்கருக்கு இவ்வளவுன்னு கூலி பேசணும். செத்த எலிக்கு இல்ல, வளையைப் படிக்கற அந்தக் கண்ணுக்கு. கூலி கட்டுபடியாகலன்னா அவரோட பசங்க இதைக் கத்துக்க மாட்டாங்க. அப்புறம் விஷ டப்பாதான் கதி. நீங்க என்ன சொல்றீங்க?

டிஸ்கி: கிட்டியில விரலை விட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. அதுக்கு எலிக் கழுத்தும் நம்ம விரலும் ஒண்ணுதான்!